ஆமைக்கு விளக்கெண்ணெய் வேண்டாம்

கேள்வி: அக்கா, எங்கள் சிவப்புக் காது ஆமைக்கு எட்டு வயது. ஐந்து நாளாக வெளிக்குப் போனதாகத் தெரியவில்லை. காலை, மாலை இரண்டு வேளையும் பெல்லட் (கடையில் விற்கும் உருண்டைத் தீனி) போடுவோம். நடுவில் மகன் காய்ந்த இறால் கொடுப்பான். இப்போது எதையும் சீண்டுவதில்லை. ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார் மாமியார். விடலாமா? தொட்டி மகன் அறையில் இருக்கிறது.
(செங்காங் வாசகி)

பதில்: விடாதீர்கள், தங்கச்சி. மாமியாரைக் குறை சொல்லவில்லை, என் அம்மாவும் இதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் வாயைத் திறந்து எண்ணெய் விட்டால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். அப்புறம் வயிற்றுக் கோளாறு நுரையீரல் கோளாறாகிவிடும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது கடைசி வரிதான். மகன் அறை என்றால் ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடுமே? ஆமைக்கு நம்மைப் போல உடம்புக்குள் அடுப்பு கிடையாது. தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கிறதோ அந்தச் சூட்டுக்குத்தான் குடலும் வேலை செய்யும். கூடத்தில் வைத்த தொட்டித் தண்ணீர் நம் சிங்கப்பூர் வெக்கைக்கு 27, 28 டிகிரியில் தானாகவே நிற்கும். ஏர்கான் அறையில் விடிவதற்குள் 23, 24 ஆகிவிடும். குளிர்ந்த வயிற்றில் நீங்கள் பள்ளிக்கூட அவசரத்தில் ஒரு பிடி பெல்லட் போடுகிறீர்கள். அது செரிக்காமல் கிடக்கிறது. இன்றைக்கே தொட்டியைக் கூடத்துக்கு மாற்றுங்கள். ஏறிக் காய ஒரு மேடு, அதற்கு மேலே சூடு தரும் பல்பு, கூடவே வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தரும் யூவிபி விளக்கு. ஜன்னலோர வெயில் போதும் என்று நினைக்காதீர்கள், கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

சரி, மலச்சிக்கல்தானா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். தொட்டிக்குள் போவதை ஃபில்டர் இழுத்துக்கொண்டால் நமக்கு எப்படித் தெரியும்? ஒரு பிளாஸ்டிக் பேசினில் ஆமையின் தோள் மட்டத்துக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, 20 நிமிடம் அதை விடுங்கள். தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். பெரும்பாலும் அதிலேயே போய்விடும். கரும்பழுப்பில் உருண்டையாக இருந்தால் கவலை இல்லை.

தொட்டியில் பொடிக் கல் போட்டிருக்கிறீர்களா? நான் போட்டிருந்தேன். தொட்டி வாங்கிய கடையில், அழகாக இருக்கும் என்று வெள்ளைக் கூழாங்கல் ஒரு பை சேர்த்துக் கொடுத்தார்கள். என் ஆமை குண்டோதரி (பெயருக்கேற்ற வயிறு) இரண்டு வாரம் சாப்பிடவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே வரிசையாக 11 கல், ஒவ்வொன்றும் மொச்சைக்கொட்டை அளவு. நல்லவேளை, கத்தி வைக்காமலேயே, தினமும் பேசின் குளியலும் மருத்துவரின் ஊசியுமாக மூன்று வாரத்தில் எல்லாம் வெளியே வந்தன. ஒவ்வொன்றாக எண்ணி ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். கல் வேண்டுமென்றால் ஆமையின் தலையைவிடப் பெரியதாகப் போடுங்கள். ஒன்றுமே போடாவிட்டால் இன்னும் நல்லது, கழுவுவது சுலபம்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. முன்னங்கால் நகம் குட்டையாக இருக்கிறதா? அப்படியானால் பெண்ணாக இருக்கலாம். ஆண் துணையே இல்லாவிட்டாலும் பெண் ஆமை முட்டை போடும். சாப்பிடாமல், நிலைகொள்ளாமல், பின்னங்காலால் பிறாண்டிக்கொண்டு முக்கினால் அது முட்டை மாட்டியதாகவும் இருக்கும். வாலடியில் சிவப்பாகச் சதை பிதுங்கினாலோ, குளியலுக்குப் பிறகும் இரண்டு நாள் ஒன்றும் நடக்காவிட்டாலோ கிளினிக் போங்கள். ஊர்வன பார்ப்பவர்களா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், நாய் பூனை மட்டும் பார்க்கிறவர்களும் உண்டு.

தேறியதும் சாப்பாட்டைக் குறையுங்கள். குட்டி ஆமைக்குத்தான் தினமும் பெல்லட். எட்டு வயதுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒரு வேளைக்கு அதன் தலையளவு போதும். மற்ற நாளில் சியாவ் பாய் சாய் என்ற சீனக் கீரை, ரோமெய்ன் லெட்யூஸ், கொஞ்சம் கங்கோங் கீரை. தேக்கா சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் பசலையும் தண்டுக்கீரையும் நமக்கு நல்லது. ஆமைக்கு அடிக்கடி கொடுத்தால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். கணவாய் ஓடு ஒன்றை மிதக்க விடுங்கள், தானே கொறிக்கும். காய்ந்த இறால் அதற்கு முறுக்கு மாதிரி, என்றாவது ஒன்று கொடுக்கலாம். மகனிடம் சொல்லுங்கள்: கண்ணாடியில் முட்டி முட்டி நீந்துவது பசி இல்லை, சாப்பாடு போடும் ஆளைப் பார்த்த பழக்கம். குண்டோதரி என் கணவரைப் பார்த்தால் மட்டும்தான் அப்படி நீந்துவாள். யார் திருட்டுத்தனமாகப் போடுகிறார் என்று அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் நட்சத்திர ஆமை தருகிறேன் என்கிறார். சோறும் ரொட்டியும் சாப்பிடுமாம். வாங்கலாமா?
(புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: வாங்காதீர்கள், தம்பி. சிங்கப்பூரில் அதை வீட்டில் வளர்ப்பது சட்டவிரோதம். 2019 முதல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில், இருக்கிற பிராணி. அதற்கு முந்தைய ஆண்டு இங்கே மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகளை விமானத்தில் ஏற்றிக் கர்நாடகாவுக்கு அனுப்பி வைத்தார்கள். சோறு, ரொட்டி என்று படித்ததும் வயிறு எரிந்தது. அது புல் மேய்கிற ஜாதி. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாரை நொதிக்க வைத்துச் செரிக்க உதவுகின்றன. மாவும் இனிப்பும் போனால் அந்த நுண்ணுயிர்கள் குலைந்து, உப்புசம், பேதி. தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தகவல் கொடுங்கள். பயந்துபோய் நீர்த்தேக்கத்தில் விட்டுவிடச் சொல்லாதீர்கள். அது நீந்தாது, மூழ்கிவிடும்.

கேள்வி: ஆமைத் தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவலாமா?
(ஈசூன் வாசகி)

பதில்: கூடாது. நன்றாக இருக்கும் ஆமையின் குடலிலும், நமக்கு வயிற்றுப்போக்கு வரவைக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குளியலறையில் கழுவுங்கள், கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் ஆமையைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.