கம்பத்தில் யார் ஏறுவது?

ஊர் கூடி நடத்தும் இணையம் பற்றி வந்த கேள்விகளில் சில, இந்த வாரம்.

கேள்வி: எங்கள் மலையூரில் 60 வீடுகள். எந்த நிறுவனமும் கேபிள் இழுத்து வரத் தயாராக இல்லை. 12 கிலோமீட்டர் தள்ளி உள்ள சிறுநகரத்தில் ஃபைபர் இருக்கிறது. அங்கே ஒரு லைன் எடுத்து வைஃபையிலேயே ஊருக்குக் கொண்டுவரலாம் என்கிறான் என் தம்பி மகன். பக்கத்து அறைக்கே வராத வைஃபை 12 கிலோமீட்டர் வருமா?

பதில்: தாராளமாக வரும். வீட்டு ரௌட்டர் நாலா பக்கமும் சிதறவிடும் சக்தியை டிஷ் ஆண்டெனா டார்ச் லைட் மாதிரி ஒரே திசையில் குவிக்கிறது. எதிர்முனையில் இன்னொரு டிஷ் அதைப் பார்த்தபடி இருந்தால் போதும். 2007-ல் வெனிசுலாவில் வயர்லெஸ் வல்லுநர் எர்மானோ பியெட்ரோசெமோலியின் குழு இரண்டு மலைகளுக்கு நடுவே 382 கிலோமீட்டருக்கு வைஃபை இணைப்பு போட்டுக் காட்டியது. அது சாதனைக்காகச் செய்தது. தேவைக்காகச் செய்தவர் நேபாளத்தின் மகாவீர் புன். நாங்கி என்ற தன் மலையூரை 2000-களின் தொடக்கத்தில் பொக்காராவோடு இணைத்தார், வழியில் அலையை வாங்கி அடுத்த முனைக்கு அனுப்பும் ரிலே வைத்து. மரத்தின் மேலேயே ஆண்டெனா கட்டிய காலம் அது. 2007-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

நீங்கள் பார்க்க வேண்டியது பார்வைக்கோடு. அந்த முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள், ஆனால் ரேடியோ அலைக்குக் கோட்டைச் சுற்றியும் இடம் வேண்டும், மத்தளம் மாதிரி நடுவில் பருத்த இடம். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 12 கிலோமீட்டருக்கு நடுவழியில் அதன் ஆரம் 12 மீட்டர் சொச்சம். அதில் 60 சதவீதமாவது, அதாவது ஏழெட்டு மீட்டர், மறைப்பில்லாமல் இருக்கட்டும். பூமியின் வளைவுக்கு இன்னும் 2 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, இலையுதிர்ந்த பருவத்தில் போய்ப் பார்த்துவிட்டு கம்பம் நட்டுவிடாதீர்கள். மழைக்குப் பிறகு தழைத்த மரத்தின் ஈர இலைகள் இந்த அலைகளுக்குச் சுவர் மாதிரி. அப்புறம் ரேடியோவின், அதாவது டிஷ்ஷோடு சேர்ந்த வைஃபை கருவியின், செட்டிங்கில் தூரத்தைச் சரியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து ‘கிடைத்தது’ என்ற பதில் வந்து சேரும் முன்பே இந்தப் பக்கம் பொறுமையிழந்து அனுப்பியதையே மறுபடி அனுப்பும், வேகம் படுத்துவிடும்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) லைனை 60 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 1.6 தான் வருகிறது. இதற்குச் சந்தா கேட்டால் யார் கொடுப்பார்கள்?

பதில்: கணக்கு சரிதான். ஆனால் ஊர்க் கிணற்றில் எல்லாரும் ஒரே நேரத்தில் வாளியை இறக்குவதில்லையே! நல்ல தரமுள்ள ஒரு வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் என்று வைத்தாலும் 20 வீடுகள் ஒரே நேரத்தில் பார்க்கலாம். தொல்லை எங்கே வருகிறது என்றால், ஒரு வீட்டுப் பையன் பெரிய கேம் ஒன்றை இறக்க ஆரம்பித்ததும் மற்ற வீட்டு வாட்ஸப் பேச்சு எல்லாம் திக்க ஆரம்பிக்கிறதே, அங்கே. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரௌட்டரில் எஸ்க்யூஎம் என்று ஒரு வசதி உண்டு, அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். லைன் வேகத்தில் 90 சதவீதத்தை அதில் எழுதிவிட்டால் எந்த ஒரு டவுன்லோடும் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்காது. அதிக வேகத்துக்குக் காசு கட்டும் முன் இதைச் செய்துவிட்டுப் பாருங்கள், பாதிப் புகார் நின்றுவிடும்.

சந்தா மட்டும்தான் வருமானம் என்றும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் மான்கோசி மக்கள் நடத்தும் ஸென்ஸெலேனி கூட்டுறவில், கம்பத்துக்கு வைத்த சோலார் பேட்டரியிலேயே ஊராரின் செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்துக் காசு சேர்த்தார்கள். அப்போது அங்கே பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் இல்லை.

கேள்வி: இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பெரும்பாலான நாடுகளில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், ஆனால் காசு வாங்கி இணையம் கொடுப்பது வேறு சமாச்சாரம், அதற்குத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் அனுமதி தேவைப்படலாம். மேலே சொன்ன ஸென்ஸெலேனி முறைப்படி விண்ணப்பித்து விலக்கு வாங்கியது. வீட்டு லைனை எடுத்துச் சத்தமில்லாமல் பிரித்து விற்பதை மட்டும் செய்யாதீர்கள். யாராவது போட்டுக்கொடுத்தால் ஒரே நாளில் லைனைத் துண்டித்துவிடுவார்கள்.

கேள்வி: தொண்டு நிறுவனம் ஒன்று எங்களுக்கு எல்லாவற்றையும் இலவசமாகப் போட்டுக் கொடுத்தது. 14 மாதம் ஓடியது. இப்போது பாதி ஊருக்கு வருவதில்லை. சாமான் மட்டமோ?

பதில்: பெரும்பாலும் சாமானில் குறை இருக்காது. முதலில் பேட்டரியைப் பாருங்கள். 8 வாட் எடுக்கும் ரேடியோ ஒரு நாளைக்கு 192 வாட்-மணி தின்னும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, இரண்டு நாள் மேகமூட்டத்தையும் சமாளிக்க வேண்டும், ஆக 12 வோல்ட்டில் 65 ஆம்பியர்-மணியாவது வேண்டும். 20-ஐ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், மேகம் வந்தபோதெல்லாம் அடிவரை இறங்கி ஒரு வருடத்திலேயே மண்டையைப் போட்டிருக்கும்.

அடுத்து கேபிள். கம்பத்தில் ஏறுகிறவரிடம் பெட்டிக்குள் கேபிள் நுழையும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து நேராக உள்ளே போனால் மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்தபடி உள்ளேயே இறங்கும், கேபிள் முனையில் உள்ள உலோகப் பின்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். கேபிளைப் பெட்டிக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு வளைத்து அடியிலிருந்து நுழைத்துவிடுங்கள், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

நான் கூடப் போய் நின்ற ஓர் ஊரில் பேட்டரி, கேபிள் எல்லாம் நன்றாகவே இருந்தன. செட்டிங்கை மாற்றப் பாஸ்வேர்டு தெரிந்த ஒரே பையன் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டான், நம்பரும் மாற்றிவிட்டான். ஒவ்வொரு கம்பமாக ஏறி ரீசெட் பொத்தானை அமுக்கி முதலிலிருந்து ஆரம்பித்தோம், நாலு நாள் போனது. பாஸ்வேர்டை நோட்டில் எழுதி இரண்டு பேரிடம் கொடுங்கள், கம்பத்தில் ஏறவும் இரண்டு பேரைப் பழக்குங்கள், அதில் ஒருவர் ஊரைவிட்டுப் போக வாய்ப்பில்லாதவராக இருக்கட்டும். ஏறுகிறவருக்குக் கூலி கொடுங்கள். முதல் இரண்டு தடவை சும்மா ஏறுவார், மூன்றாம் தடவை வயலில் வேலை இருக்கிறது என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சந்தாவில் ஒரு பங்கைப் பேட்டரிக்கென்று தனியாக எடுத்து வையுங்கள், திருவிழாவுக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மின்னல் அடித்தால்?

பதில்: நேராக அடித்தால் போனதுதான். கம்பத்தைத் தடித்த செம்புக் கம்பியால் எர்த் செய்தால் பக்கத்தில் விழும் இடிக்கு ஓரளவு தப்பிக்கலாம். செட்டிங் எல்லாம் ஏற்றிய உதிரி ரேடியோ ஒன்றை வாங்கி, எந்தக் கம்பத்துக்கு என்று பெட்டி மேல் எழுதி, ஏறுகிறவர் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.