வாசகர் கேள்வி: ஒன்பது குழிக் கணக்கு

கேள்வி: கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கிறேன். விடுதித் தோழியரிடம் தோகுஸ் கோர்கோல் என்னும் கிர்கிஸ் குழியாட்டத்தைக் கற்று, இரண்டு போட்டிகளில் ஆடித் தோற்றேன். பல்லாங்குழி ஆடி வளர்ந்த எனக்கு இது ஏன் பிடிபடவில்லை?
– மாணவி ஒருவர்

பதில்: அந்தப் பல்லாங்குழிப் பழக்கமே உங்களைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன். பல்லாங்குழியில் கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வோம். கிர்கிஸ் ஆட்டத்தில் ஒருமுறை அள்ளிப் போட்டதோடு நம் முறை முடிந்துவிடும். ஆளுக்கு ஒன்பது குழி, குழிக்கு ஒன்பது காய், ஆக 162. அள்ளிய குழியிலேயே முதல் காயை இட்டு, மற்றவற்றை வரிசையாகப் போட்டுச் செல்ல, கடைசிக் காய் எதிராளியின் குழியில் விழுந்து அங்கே இரட்டைப்படை ஆனால், அத்தனையும் உங்கள் கசானுக்கு, அதாவது கொப்பரைக்கு, வந்துவிடும். 82 காய் சேர்த்தவர் வென்றவர்.

ஏழாம் குழியிலிருந்து தொடங்கினால் கடைசிக் காய் எதிராளியின் ஆறாம் குழியில் விழுந்து பத்துக் காய் கிடைக்கும். ஆனால் இரண்டு முதல் ஒன்பது வரை எந்தக் குழியை எடுத்தாலும் அதே பத்துதான். ஆகவே கிடைப்பதைவிட, உங்கள் பக்கம் எஞ்சுவதைக் கவனியுங்கள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் காய் உள்ள குழியில் எதிராளியின் கடைசிக் காய் விழுந்தால் அது பறிபோகும். இரட்டைப்படையில் காய் உள்ள குழி தப்பும்.

இரண்டு காய் உள்ள குழி மட்டும் விதிவிலக்கு. அது மூன்றானால் எதிராளி அதைத் 'துஸ்' என்று தமதாக்கிக்கொள்ளலாம். பிறகு அதில் விழும் காயெல்லாம், நீங்களே போட்டாலும், அவருக்குத்தான். ஒருவருக்கு ஒரே துஸ். ஒன்பதாம் குழியிலும், எதிராளியின் துஸ் உள்ள அதே எண் குழியிலும் அதை வைக்க முடியாது. எனவே நல்ல துஸ் ஒன்றுக்காகப் பத்துக் காயை விட்டுக்கொடுக்கவும் நான் தயங்கமாட்டேன். எதிராளியின் எட்டாம் குழியில் அமைந்தால், ஒன்பதாம் குழியை அள்ளும்போது தவிர, அவர் உங்கள் பக்கம் வரும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு காய் இட்டே கடந்தாக வேண்டும்.

தோற்ற ஆட்டங்களை எழுதி வையுங்கள். ஏழிலிருந்து எதிராளியின் ஆறில் முடிந்த நகர்வை 76 என்று குறிப்பார்கள். அந்தத் தாளை வைத்து மறுநாள் தனியே ஆடிப் பார்த்தால், எந்த நகர்வில் அந்த இரண்டு காய்க் குழியைக் காவலின்றி விட்டீர்கள் என்பது தெரியும்.

கேள்வி: இவ்வாட்டத்துக்குப் பன்னாட்டுப் போட்டி உண்டா?
– வாசகர் ஒருவர்

பதில்: உண்டு. இசிக்குல் ஏரிக்கரையிலுள்ள சோல்பான் அத்தாவில் 2014, 2016, 2018 ஆண்டுகளில் நடந்த உலக நாடோடி விளையாட்டுகளில் இதுவும் இடம்பெற்றது. கசாக்கியர் இதைத் தோகுஸ்குமலாக் என்பர். இரு பெயர்களுக்கும் 'ஒன்பது ஆட்டுப் புழுக்கை' என்பதே பொருள். 2020இல் கசாக்ஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி ஆகிய மூன்று நாடுகளின் பெயரில் இது யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது.