கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கேபினட்டைத் திறந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ஐ5 10400 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 60 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி மானிட்டர். கல்லூரியில் படிக்கும் மகன் வேலரண்ட், ஜிடிஏ 5 விளையாட கிராபிக்ஸ் கார்டு கேட்கிறான். கடையில், "ஜிடி 730 இருக்கிறது, 4 ஜிபி, தாராளமாகப் போதும்" என்கிறார்கள். வாங்கலாமா?
- மதுரை வாசகர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஜிடி 730 வந்தது 2014-ல். உங்கள் ப்ராசஸருக்குள் ஏற்கெனவே இருக்கும் கிராபிக்ஸைவிட அது பெரிதாக எதையும் தந்துவிடாது. வேலரண்ட் மட்டும் என்றால், செட்டிங்ஸைக் குறைத்தால் இப்போதே ஓடும்.

4 ஜிபி என்பது தொட்டியின் அளவு. குழாய் சின்னதாக இருந்தால் தொட்டி பெரிதாக இருந்து என்ன பயன்? 4 ஜிபி என்று விற்கும் ஜிடி 730-களில் பெரும்பாலும் பழைய டிடிஆர்3 மெமரிதான். அதில் நொடிக்கு 30 ஜிபி தகவல்கூட நகராது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற கார்டின் 6 ஜிபி மாடலில் அதுவே 168 ஜிபி.

கார்டை முடிவு செய்யும் முன் கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு கரன்ட் தரும் பெட்டி) மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும், அதை விடுங்கள். +12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர்? 16 என்றிருந்தால் 12 × 16, வெறும் 192 வாட். ப்ராசஸர், கார்டு இரண்டும் அதில்தான் ஓட வேண்டும். கேபினட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ் பலவற்றின் நிலை இதுதான். என் அக்கா மகனின் கம்ப்யூட்டரில் கார்டுக்குத் தனியாக கரன்ட் தரும் 8 பின் ஒயர் இல்லை என்று கடைக்காரர் ஒரு கன்வெர்ட்டரை மாட்டிக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் அந்த பிளாஸ்டிக் பழுப்பேறி இளகிப்போயிருந்தது. நல்லவேளை, வாசனை வந்ததுமே அணைத்துவிட்டான்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற விருப்பமில்லை என்றால் ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி வாங்குங்கள். 70 வாட்தான் எடுக்கும். மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் தரும் என்பதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி ஒயர் தேவையில்லை. இதே பெயரில் 8 ஜிபி மாடலும் உண்டு, அது 130 வாட் கார்டு. பில்லில் 6 ஜிபி என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடியுமா? நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸோடு ஆர்எக்ஸ் 6600 போடுங்கள். 8 ஜிபி, 132 வாட், ஃபுல் எச்டிக்கு அருமையான கார்டு. என் ஓட்டு இதற்குத்தான். இதற்கு மேல் போனால், நொடிக்கு 60 படம் மட்டுமே காட்டும் உங்கள் 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு வீண் செலவு. மிச்சப் பணத்தில் இன்னொரு 8 ஜிபி ரேம் போடுங்கள், ஜிடிஏவில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அப்புறம், கார்டைப் பொருத்தியதும் மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றி, கீழே கார்டில் உள்ள போர்ட்டில் செருகச் சொல்லுங்கள். பலரும் இதை மறந்துவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று திரும்பக் கடைக்கு அலைகிறார்கள்.