12 சர்வர் சேர்ந்து ஒன்றாக இயங்கும் கிளஸ்டரில் பராமரிப்புக்காக ஒன்றை நிறுத்தினால் என்ன ஆகிவிடப் போகிறது?

ஒன்றை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. இரண்டாவதை எப்போது நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கேள்வியைப் பார்த்தால் இந்த வாரமே உங்களுக்கு மெயின்டனன்ஸ் விண்டோ இருக்கும் போல. அதனால் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது செஃப் ஸ்டோரேஜ், பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பகமாக்கும் மென்பொருள். உங்களைப் போலவே 12 சர்வர். எல்லாத் தரவுக்கும் 3 பிரதி, மூன்றும் வெவ்வேறு சர்வரில். ஃபர்ம்வேர் அப்டேட்டுக்காக ஒவ்வொன்றாக ரீபூட் செய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் சர்வரே பாதியில் மக்கர் செய்து நின்றுவிட்டது. செஃப் இயல்பாக 600 நொடிதான் பொறுத்திருக்கும். அதற்குமேல் அந்த டிஸ்க்குகள் வராது என்று 'அவுட்' ஆக்கிவிட்டு, குறைந்துபோன பிரதிகளை மற்ற சர்வர்களில் எழுத ஆரம்பித்துவிடும். அதுதான் நடந்தது. நெட்வொர்க் திணறியது.

"நோஅவுட் போட்டிருக்க வேண்டாமா?" என்று கிளம்புகிறவர்களுக்கு: டிஸ்க்குகளை 'அவுட்' ஆக்காதே என்று செஃபுக்குச் சொல்லும் அந்தக் கட்டளையைப் போட்டேன் ஐயா. பக்கத்து டெர்மினலில் திறந்திருந்த டெஸ்ட் கிளஸ்டரில் போட்டுவிட்டேன்.

இதுவரைகூடப் பரவாயில்லை. 25 நிமிடம் கழித்து சர்வர் எழுந்தது. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் பிங்குக்குப் பதில் வந்தது, லாகின் ஆனது. நேரம் போகிறதே என்று இரண்டாவதை இறக்கினேன். மெஷின்தான் எழுந்திருந்தது, தரவு இன்னும் வந்து சேரவில்லை. செஃப் தரவைப் பிரித்துவைக்கும் தொகுப்புகளான பிளேஸ்மென்ட் குரூப்கள் சிலவற்றில் முழுமையான பிரதி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. குறைந்தது 2 இருந்தால்தான் எழுதவும் படிக்கவும் விடும்படி அமைத்திருந்தோம். அந்த டிஸ்க்குகளை நம்பியிருந்த விர்ச்சுவல் மெஷின்கள் சாகவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை. அப்படியே உறைந்து நின்றன. இரண்டாவதைத் திரும்ப ஏற்றி எல்லாம் மூச்சுவிட 40 நிமிடம் ஆனது. ஒரு பைட்கூடத் தொலையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் அதைச் சொல்வதில்லை.

இப்போதெல்லாம் பிங்கை நான் நம்புவதில்லை. எல்லா குரூப்பும் 'ஆக்டிவ் பிளஸ் கிளீன்', அதாவது இயங்குகிறது, பிரதிகளும் முழுசாக இருக்கின்றன என்று காட்டும்வரை அடுத்த சர்வரைத் தொடமாட்டேன். கடைசியில் நோஅவுட்டை எடுக்கவும் மறக்காதீர்கள். அதை அப்படியே விட்டுவிட்டால் நிஜமாகவே டிஸ்க் போகும்போது செஃப் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

உங்களுடையது கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் என்றால் கட்டளைகள் வேறு: சர்வருக்குப் புது வேலை வராமல் தடுக்க கார்டன், பிறகு இருக்கும் வேலையை வெளியேற்ற டிரெயின். 12 இருக்கிறதே என்ற தைரியம் அங்கேயும் வேண்டாம். கிளஸ்டரின் நிலையைப் பதிந்துவைக்கும் அதன் தரவுத்தளமான எட்சிடி பெரும்பாலும் 3 மெஷினில்தான் ஓடும். அதில் 2 போனால் பெரும்பான்மை போய்விடும்; ஓடிக்கொண்டிருப்பவை ஓடினாலும், மீதி எத்தனை சர்வர் இருந்தும் கிளஸ்டரில் எதையும் மாற்ற முடியாது.

மறுநாள் அறிக்கையில் காரணம் 'மனிதத் தவறு' என்று ஒரே வரி. 12 சர்வரையும் ஒரே ராத்திரியில் முடித்தாக வேண்டும் என்று அட்டவணை போட்டவரும் மனிதர்தான். அவர் பெயர் அதில் இல்லை. இரண்டு இரவாகப் பிரித்துத் தாருங்கள் என்று நான் கேட்டிருந்த மெயிலுக்கு இன்றுவரை பதிலும் இல்லை.