பிரிட்டனில் போன் அப்கிரேட்: பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் ஏன் அதிக விலை?

கேள்வி: பிரிட்டனில் பல வருடமாக ஒரே நெட்வொர்க்கில் இருக்கிறேன். கான்ட்ராக்ட் முடியப் போகிறது. புது போனுக்கு அப்கிரேட் கேட்டால், புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்வதைவிட எனக்கு அதிக விலை சொல்கிறார்கள். இது ஏன்? என்ன செய்யலாம்?

ஏன் என்பதற்குப் பதில் சின்னது. நீங்கள் எங்கும் போக மாட்டீர்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. வங்கி ஓ.டி.பி., டாக்டர் அப்பாயின்ட்மென்ட், பிள்ளைகளின் பள்ளி, ஊரில் உள்ள என்.ஆர்.இ. வங்கிக் கணக்கு என்று எல்லாம் ஒரே நம்பரில் தொங்கிக்கொண்டிருக்கும்போது யாருக்கு மாறத் தைரியம் வரும்? மாதம் ஐந்து பவுண்டு கூடத்தானே, போகட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். அங்கே போனைத் தனியாகக் காசு கொடுத்தோ இ.எம்.ஐ.யிலோ வாங்கிவிடுகிறோம், சிம்முக்கு 28 நாள், 84 நாள் என்று ரீசார்ஜ். இங்கே இரண்டையும் சேர்த்துக் கட்டி விற்கும் பழக்கம் ரொம்ப வருடமாக இருக்கிறது. 24 மாதம், இப்போது சிலவற்றில் 36 மாதம், மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை. கடைக்குள் சும்மா போய்விட்டுப் புது போனோடு வெளியே வரலாம். 24 மாதத்தில் போனின் விலை அடைந்துவிடும், அப்புறம் பில் குறைய வேண்டும் அல்லவா? ஒரே தொகையாகக் கட்டிய கான்ட்ராக்ட்டுகளில் அது தானாக முழுசாகக் குறையாது. நீங்கள் சும்மா இருந்தால், அடைத்து முடித்த போனுக்கும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டிருப்பீர்கள். போனுக்குத் தனி, சிம்முக்குத் தனி என்று பிரித்து எழுதும் முறையை ஓ2 நெட்வொர்க் 2013ல் கொண்டுவந்தது. அந்த மாதிரிக் கான்ட்ராக்ட் என்றால் போன் தவணை முடிந்ததும் அந்தப் பகுதி நின்றுவிடும். உங்களுடையது எந்த வகை என்று முதலில் பில்லை எடுத்துப் பாருங்கள்.

இது நீங்களும் நானும் மட்டும் புலம்பும் விஷயம் இல்லை. 2018 செப்டம்பரில் பொதுமக்களுக்கு ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையத்திடம் இதைப் புகாராகவே கொடுத்தது. மொபைல், பிராட்பேண்ட், வீட்டு இன்சூரன்ஸ், வீட்டுக் கடன், சேமிப்புக் கணக்கு ஆகிய ஐந்திலும் பழைய வாடிக்கையாளர்கள் வருடத்துக்குச் சுமார் 400 கோடி பவுண்டு அதிகமாகக் கட்டுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. அதற்குப் பிறகு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் ஒரு விதி போட்டது. 2020 பிப்ரவரி 15 முதல், கான்ட்ராக்ட் முடிவதற்கு 10 முதல் 40 நாட்களுக்கு முன்னால் கம்பெனியே உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். எப்போது முடிகிறது, முடிந்த பின் எவ்வளவு, அவர்களிடம் உள்ள நல்ல விலை எது, புது வாடிக்கையாளருக்கு என்ன விலை, எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

எல்லோரும் அதை விளம்பரம் என்று நினைத்து அழிக்கிறார்கள். அழிக்காதீர்கள். புது ஆளுக்கு என்ன விலை என்று அவர்களே உங்களுக்கு எழுதிக் கொடுக்கும் இடம் அது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். அந்தத் தகவல் வந்த அன்று கணினியில் இரண்டு ஜன்னல் திறந்தேன். ஒன்றில் என் கணக்கில் லாகின் செய்து "உங்களுக்கான பிரத்யேக அப்கிரேட் சலுகைகள்" பக்கம். இன்னொன்றில் லாகின் செய்யாமல், யாரோ ஒருவனைப் போல அதே தளம். அதே போன், அதே நிறம், அதே டேட்டா, முன்பணம் இரண்டிலும் 30 பவுண்டு. யாரோ ஒருவனுக்கு மாதம் 39. பிரத்யேகமான எனக்கு 46. 24 மாதத்துக்கு 168 பவுண்டு வித்தியாசம்.

சரி, நேரில் கேட்போம் என்று லண்டன் ஹாரோவில் இருக்கும் அவர்கள் கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தது ஒரு யாழ்ப்பாணத்துப் பையன். என் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிவிட்டான். அவனிடம் கோபித்து என்ன பயன், திரையை என் பக்கம் திருப்பியே காட்டினான். "உங்கட எக்கவுண்ட் திறந்திருக்கேக்க புது ஆக்களின்ட விலை எனக்கே காட்டாது அண்ணா. அக்கான்ட பேரில எடுங்கோவன், அவ புது கஸ்டமர்தானே?" என்றான். கம்பெனியின் ஆளே கம்பெனியை ஏமாற்ற வழி சொல்லித் தருகிற அளவுக்கு இருக்கிறது நிலைமை. மனைவி பேரில் எடுத்தால் என் நம்பர் என்ன ஆகும் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "அதுக்கு நீங்கள் போன் அடிச்சுத்தான் கேக்க வேணும்" என்றான்.

அடித்தேன். அப்கிரேட்டுக்கு ஒரு எண், பில்லுக்கு ஒரு எண், "எங்களை விட்டுப் போக நினைத்தால்" ஒரு எண். எப்போதும் கடைசியாகச் சொல்வதை அமுக்குங்கள். விலையில் கைவைக்க அதிகாரம் உள்ளவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். நான் முதலில் அப்கிரேட் எண்ணைத்தான் அமுக்கினேன். அந்தப் பிரிவில் பேசிய பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினார். இத்தனை வருடம் எங்களோடு இருந்ததற்கு நன்றி என்று இரண்டு தடவை சொன்னார். விலை மட்டும் அசையவில்லை, சிஸ்டம் அனுமதிக்கவில்லை என்றார். அதற்குப் பதில் டேட்டாவை 100 ஜி.பி.யில் இருந்து அளவில்லாததாக்குகிறேன், ஆறு மாதம் பாட்டுச் செயலி இலவசம் என்றார். வீட்டில் வைஃபை, ஆபீஸில் வைஃபை, நான் மாதம் 10 ஜி.பி. தொட்டாலே அதிகம். தி.நகரில் புடவை விலையைக் குறைக்கச் சொன்னால் கட்டைப் பையைப் பெரிதாகக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. அந்த இலவசச் செயலியும் ஏழாவது மாதம் நாம் நிறுத்தாவிட்டால் பில்லில் ஏறிவிடும்.

இனிப் பேசிப் பயனில்லை என்று ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்பரை எடுத்துக்கொண்டு வேறு நெட்வொர்க்குக்குப் போக இங்கே பி.ஏ.சி. என்று ஒரு கோடு, அதாவது குறியீடு, வேண்டும். பேச்சில் எல்லோரும் பேக் கோடு என்பார்கள். முன்பெல்லாம் அதற்குப் போன் செய்து கெஞ்ச வேண்டும். அவர்கள் தர மனசில்லாமல் அரை மணி நேரம் பேச்சுக் கொடுப்பார்கள். 2019 ஜூலை 1 முதல் அது இல்லை. பி.ஏ.சி. என்ற மூன்று ஆங்கில எழுத்தை மட்டும் 65075க்கு அனுப்பினால் ஒரு நிமிடத்துக்குள் கோடு வந்துவிட வேண்டும். யாரோடும் பேச வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். கான்ட்ராக்ட் இன்னும் பாக்கி என்றால் வெளியேற எவ்வளவு கட்ட வேண்டும் என்பதும் அதே பதிலில் இருக்கும். கோடு 30 நாள் செல்லும். புது கம்பெனியிடம் அதைக் கொடுத்தால் ஒரு வேலை நாளில் நம்பர் மாறிவிடும். ஊரில் 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி நெட்வொர்க் மாற்றுவீர்களே, அதே வேலை. இந்த விஷயத்தில் நம் ஊர் முந்திக்கொண்டது, இந்தியா முழுக்க 2011லேயே வந்துவிட்டது.

கோடு வாங்குவதால் நீங்கள் எதற்கும் கட்டுப்படவில்லை. பயன்படுத்தாமல் விட்டால் அதுவாகக் காலாவதியாகும், பழைய இணைப்பு அப்படியே இருக்கும். ஆனால் நீங்கள் போகக்கூடியவர் என்று அவர்கள் கணினிக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்கு அன்று சாயங்காலமே அழைப்பு வந்தது. காலையில் "சிஸ்டம் அனுமதிக்காத" அதே 39 பவுண்டு சாயங்காலம் அனுமதித்துவிட்டது! இதை முதலிலேயே தந்திருக்கலாமே என்று கேட்டேன். "இது எங்கள் பிரிவுக்கு மட்டும் உள்ள விலை சார்" என்றார்.

நான் அதை எடுக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் வேறு கணக்குப் போட்டுவிட்டேன். அவர்கள் சொன்ன 39ஐ 24 மாதத்துக்குப் பெருக்கி முன்பணம் சேர்த்தால் 966 பவுண்டு. அதே போன் வெளியே 599க்குக் கிடைத்தது. மாதம் 10 பவுண்டுக்கு சிம் மட்டும் எடுத்தால் 24 மாதத்துக்கு 240. மொத்தம் 839. முதலில் எனக்குச் சொன்ன 46 பவுண்டில் போயிருந்தால் 1,134 ஆகியிருக்கும். இந்தப் பெருக்கலை எந்தக் கடையிலும் உங்களுக்குப் போட்டுக் காட்ட மாட்டார்கள். மாதக் கட்டணத்தைத்தான் கொட்டை எழுத்தில் எழுதுவார்கள்.

599ஐ மொத்தமாகக் கொடுக்க முடியாது என்றால் வட்டியில்லாத் தவணை தரும் கடைகள் இருக்கின்றன. கொஞ்சம் பழைய மாடலோ புதுப்பித்த போனோ எடுத்தால் இன்னும் குறையும். சிம்முக்கும் பெரிய பெயர்களிடம்தான் போக வேண்டும் என்பதில்லை. கிஃப்காஃப் ஓ2வின் டவரில்தான் ஓடுகிறது, வாக்ஸி வோடஃபோனில், ஸ்மார்ட்டி த்ரீயில். நமக்கெல்லாம் ஊருக்குப் பேசுவதற்காகப் பழக்கமான லைக்காவும் லெபாராவும் (இரண்டுமே இலங்கைத் தமிழர்கள் தொடங்கியவை) இப்போது மற்றவர்களைப் போலவே மாதாந்திர சிம் விற்கிறார்கள். இவற்றில் பெரும்பாலும் ஒரு மாதக் கான்ட்ராக்ட்தான். பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் கிளம்பலாம்.

பழைய நெட்வொர்க்கேதான் வேண்டும், சிக்னல் வேறு எதிலும் வீட்டுக்குள் வராது என்கிறவர்கள் ஒரு சுற்று வழி போகிறார்கள். நம்பரை முதலில் ஒரு மலிவு சிம்முக்கு மாற்றிவிட்டு, அங்கே மறுபடி பேக் கோடு வாங்கி, பழைய கம்பெனிக்கே புது வாடிக்கையாளராகத் திரும்பி வருகிறார்கள். வேலை செய்கிறது. அந்தக் கம்பெனி பழைய வாடிக்கையாளர்களுக்கு வைத்திருக்கும் மரியாதைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கோடு கையில் இருக்கும்போது "என் இணைப்பை ரத்து செய்யுங்கள்" என்று தனியாகச் சொல்லிவிடாதீர்கள். நம்பர் மாறியதும் பழையது தானாக முடியும். நீங்கள் முந்திக்கொண்டு ரத்து செய்தால் நம்பரே போய்விடும் அபாயம் உண்டு. இன்னொன்று, பழைய கான்ட்ராக்ட்டில் உங்களுக்கே தெரியாமல் நல்லது ஏதாவது ஒளிந்திருக்கலாம். ஐரோப்பிய ரோமிங் அப்படித்தான். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஈ.ஈ. நெட்வொர்க் நாளுக்கு 2 பவுண்டு ரோமிங் கட்டணம் கொண்டுவந்தபோது, 2021 ஜூலை 7 முதல் சேர்ந்தவர்களுக்கும் அப்கிரேட் செய்தவர்களுக்கும்தான் அது. அசையாமல் இருந்தவர்கள் பாரிஸிலும் பார்சிலோனாவிலும் பழையபடி இலவசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்கிரேட் என்று சொன்னாலும் நீங்கள் போடுவது புதுக் கையெழுத்து, பழைய நிபந்தனைகள் கூடவே வராது.

விலை ஏற்றத்தையும் கேளுங்கள். முன்பு பணவீக்கத்தோடு 3.9 சதவீதம் சேர்த்து ஏற்றுவோம் என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். 2023ல் அது பலருக்கு 14.4 சதவீதமாக வந்து விழுந்தது. 2025 ஜனவரி 17 முதல் எழுதப்படும் கான்ட்ராக்ட்டில் அப்படிச் சதவீதத்தில் மறைக்க முடியாது. எந்த மாதம் எத்தனை பவுண்டு எத்தனை பென்ஸ் ஏறும் என்று சொல்லியே விற்க வேண்டும். ஏற்றம் ஒழியவில்லை, ஆனால் மேலே நான் போட்ட பெருக்கலில் அதையும் சேர்த்துக்கொள்ள முடியும்.

எல்லோருக்கும் கான்ட்ராக்ட் கூடாது என்று நான் சொல்லவில்லை. புதிதாக விசாவில் வந்தவர்களுக்கு இங்கே கடன் வரலாறு இருக்காது. வெளியே புதுக் கான்ட்ராக்ட் கேட்டால் மறுத்துவிடலாம். அந்த நிலையில் ஏற்கெனவே உள்ள நெட்வொர்க்கிலேயே அப்கிரேட் வாங்குவது சுலபம், மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினால் பின்னால் வீட்டுக் கடனுக்குப் போகும்போது கடன் வரலாற்றில் அது நல்ல பதிவாக நிற்கும். அப்போதும் எஸ்.எம்.எஸ். அனுப்பிவிட்டு, அவர்கள் கூப்பிட்ட பிறகு பேசுங்கள்.

எடுப்பதென்று முடிவு செய்தால் ஆன்லைனிலோ போனிலோ எடுங்கள். அப்படி எடுத்தால் 14 நாளுக்குள் மனசு மாறினால் திருப்பிவிடச் சட்டப்படி உரிமை உண்டு. கடைக்கே போய்க் கையெழுத்துப் போட்டால் அந்த உரிமை கிடையாது, கடைக்காரர் மனசு வைத்தால்தான். பழைய போனை ஊரில் அம்மாவுக்குக் கொடுப்பதாக இருந்தால், அது 2021 டிசம்பர் 17க்கு முன்னால் வாங்கியதா என்று பாருங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு நெட்வொர்க் பூட்டோடு போன் விற்கக் கூடாது. முன்னால் வாங்கியது என்றால் விமானம் ஏறுவதற்குள் இங்கேயே வேறு சிம் போட்டுப் பார்த்து, பூட்டு இருந்தால் திறக்கச் சொல்லிவிடுங்கள்.