வாசகர் கேள்வி–பதில்: செயற்கைக்கோளின் பளிச்சிடலைப் படம்பிடிக்க

கேள்வி: நடுவில் தடித்தும் இரு முனைகளில் மெலிந்தும் தோன்றும் ‘இரிடியம் ஃப்ளேர்’ ஒளிக்கோட்டைப் படம்பிடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பழைய கையேடு ஒன்றில் கண்டபடி பல இரவுகள் முயன்றும் ஒன்றும் சிக்கவில்லை. தவறு எங்கே?

பதில்: தவறு உங்களிடம் இல்லை, நீங்கள் தேடுவதுதான் வானிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. 1997 முதல் ஏவப்பட்ட முதல் தலைமுறை இரிடியம் தொலைபேசிச் செயற்கைக்கோள்கள் சுமார் 780 கி.மீ. உயரத்தில் சுற்றின. ஒவ்வொன்றிலும் கதவளவான மூன்று ஆன்டெனாத் தகடுகள் கண்ணாடிபோல் பளபளப்பாக இருந்ததோடு, கோளின் நிலையும் அசையாமல் கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால், எந்த விநாடியில் எந்த ஊருக்கு வெயில் திருப்பி அடிக்கப்படும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடிந்தது. சூரியன் நமக்கு அரைப் பாகை அகல வட்டமாகத் தெரிவதால், தகட்டிலிருந்து திரும்பிய ஒளியும் அந்த அளவே விரிந்து, சில கிலோமீட்டர் அகலமுள்ள பட்டையாகத் தரைமீது ஓடியது. அதன் நடுவில் நின்றவருக்குப் பொலிவெண் (இந்த எண் குறையக் குறைய ஒளி கூடுதல்) −8 வரை எட்டியது. அதாவது வெள்ளிக் கோளைவிட 20 மடங்குக்கும் மேலான ஒளி. சில பத்து கிலோமீட்டர் தள்ளி நின்றவருக்கோ அது சாதாரண விண்மீனாகச் சுருங்கிவிடும்.

2017 ஜனவரிக்கும் 2019 ஜனவரிக்கும் இடையில் ஏவப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கோள்களில் அத்தகைய தகடுகள் கிடையாது. பழையவற்றில் பெரும்பாலானவை கீழிறக்கப்பட்டுவிட்டன. எஞ்சிய சில, கட்டுப்பாடின்றி உருண்டபடி சுற்றுவதால் எப்போது மின்னும் என்று சொல்ல வழியில்லை.

ஆனால் ஆசையைக் கைவிட வேண்டாம். சூரியன் தொடுவானுக்குக் கீழே சுமார் 40 பாகை இறங்கியிருக்கும் வேளையில், அது மறைந்திருக்கும் திசையில் தொடுவானை ஒட்டிய வானத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்திலுள்ள ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களின் தட்டையான அடிப்பக்கத்தைச் சூரியஒளி கீழிருந்து சாய்வாகத் தொட்டு, உங்களை நோக்கித் தெறிக்கும். ஒரே சிறு பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிப்புள்ளிகள் பெருகி மங்குவதைக் கண்டு, விமானிகள்கூட இனம் தெரியாத பொருள்கள் என்று அறிவித்ததுண்டு. ஒன்று தவறினாலும் அடுத்தது வரும் என்பதால், கற்றுக்கொள்பவருக்கு இரிடியத்தைவிட இதுவே மேல் என்பது என் கருத்து.

கேள்வி: ஒளிக்கோடு நன்றாகப் பதியட்டும் என்று ஷட்டரை 4 நிமிடம் திறந்து வைத்தேன். வானம் வெளுத்துப்போனது, கோடு மங்கலாகவே இருக்கிறது. என்ன அமைப்பு வைக்க வேண்டும்?

பதில்: பலரும் செய்யும் பிழை இது, எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஓடும் ஒளிப்புள்ளி சென்சாரின் ஒவ்வோர் இடத்தையும் ஒரு கணம் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. அதன்பின் ஷட்டர் 10 விநாடி திறந்திருந்தாலும் 10 நிமிடம் திறந்திருந்தாலும் அந்த இடத்துக்குக் கோளிலிருந்து மேலும் ஒளி வராது. வானத்தின் பின்னணி வெளிச்சம் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே நேரத்தை நீட்டுவதால் கோட்டின் நீளம் கூடலாமே தவிர, பொலிவு கூடாது. பொலிவைத் தீர்மானிப்பவை லென்ஸின் திறப்பும் (எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரிது) ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்வு அளவும் கோள் நகரும் வேகமுமே. எஃப்/2-இல் வைத்த 50 மி.மீ. லென்ஸ், எஃப்/2.8-இல் வைத்த 24 மி.மீ. லென்ஸைவிடச் சுமார் 4 மடங்கு அழுத்தமாகக் கோட்டைப் பதிக்கும்.

தலைக்கு நேர்மேலே செல்லும் ஸ்டார்லிங்க் விநாடிக்கு முக்கால் பாகைக்கு மேல் நகர்கிறது. அதுவே தொடுவானருகே 2,000 கி.மீ.க்கு அப்பால் இருக்கும்போது கால் பாகைகூட நகர்வதில்லை. அகலக்கோண லென்ஸில் அது சிறு கீறலாகவே தெரியும் என்பதால், 50 அல்லது 85 மி.மீ. லென்ஸையே நான் தேர்ந்தெடுப்பேன். ஐ.எஸ்.ஓ. 800, 10 முதல் 15 விநாடி என்று தொடங்கி, இடைவெளியின்றி அடுத்தடுத்துப் படங்களை எடுத்து, பின்னர் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். வானம் கருமையாகவே இருக்கும், கோடும் முழுமையாகக் கிடைக்கும்.

தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு, பிரகாசமான விண்மீன் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை கையால் திருகுங்கள். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். முக்காலியில் பொருத்தியதும் அதிர்வுக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடுங்கள். நீண்ட பதிவுக்கான இரைச்சல் நீக்கத்தையும் மறவாமல் நிறுத்துங்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அதே அளவு நேரம் கேமராவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதை மறந்ததால், பளிச்சிடலின் உச்சக் கணத்தில் கருந்திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் எனக்குண்டு.

கேள்வி: கைப்பேசியில் எடுக்க முடியுமா?

பதில்: பிரகாசமானவற்றை எடுக்கலாம். பல படங்களை இணைக்கும் இரவு நிலை, ஓடும் ஒளியைத் துண்டாக்கிவிடக்கூடும். கையால் அமைக்கும் நிலையில் 10 விநாடி வைத்து, அசையாத தாங்கியில் நிறுத்தி எடுங்கள்.

கேள்வி: என் படத்தில் விழுந்திருக்கும் கோடு எரிகல்லா, செயற்கைக்கோளா என்று எப்படி அறிவது?

பதில்: முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் பாருங்கள். எரிகல் பெரும்பாலும் ஒரே படத்தோடு முடிந்துவிடும். கோள் அடுத்த படத்திலும் மங்கலாகத் தொடரும். பல எரிகற்களின் கோட்டில் பச்சைச் சாயல் இருக்கும், கோளின் கோடோ பெரும்பாலும் வெண்மையாகவே இருக்கும். விட்டுவிட்டு வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது விமானம்.

கேள்வி: மார்ச் மாத நள்ளிரவில் விண்மீன் தடங்களைப் படமெடுத்தேன். எல்லா விண்மீன்களும் கோடாக நீண்டிருக்க, ஒரு புள்ளி மட்டும் நகராமல் சில நிமிடங்கள் ஒளிர்ந்து மறைந்தது. சென்சார் கோளாறா?

பதில்: கோளாறாக இருந்தால் எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் இருந்திருக்கும். நீங்கள் பிடித்திருப்பது, 35,786 கி.மீ. உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுழலும் புவிநிலைச் செயற்கைக்கோளாகவே இருக்க வேண்டும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேராக வருவதால், இக்கோள்கள் நள்ளிரவையொட்டிச் சூரியனுக்கு நேர் எதிரே அமைந்து, பூமியின் நிழலில் நுழைவதற்குச் சற்று முன்பும் வெளிவந்த பின்பும் பளிச்சிடும். நிழலுக்குள் அவை 70 நிமிடங்கள் வரை இருக்கக்கூடும். ஆகவே அடுத்த முறை, புள்ளி மறைந்தவுடன் கேமராவை மூட்டை கட்டிவிடாமல், முக்காலியை அசைக்காமல் ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து எடுங்கள். அது மீண்டும் தோன்றுவதும் உங்கள் படத்தொடரில் சேரக்கூடும்.