வாசகர் கேள்வி: திரைக்கு வெளியே ஒரு பரிமாற்றம்

கேள்வி: ஜேர்மனியில் வளரும் என் பெறாமகள், மெய்நிகர் வாழ்வையும் நிஜ வாழ்வையும் ஆராயும் எராஸ்மஸ் பிளஸ் இளைஞர் பரிமாற்றத்துக்குச் செல்கிறாள். கொக்குவிலில் இருக்கும் என் மகனும் சேரலாமா?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தின் அத்திட்டத்தில், 13 முதல் 30 வயது வரையான பல நாட்டு இளைஞர்கள், பயண நாட்கள் நீங்கலாக 5 முதல் 21 நாட்கள் வரை ஒன்றாகத் தங்கி, தாமே பங்கெடுத்து வகுத்த பயிற்சிகளின் வழியே கற்கிறார்கள், இலங்கையில் வசிப்போருக்கு அதில் இடமில்லை. ஆயினும், சித்தப்பாவையும் மாமியையும் வாட்ஸ்அப் காணொளியிலேயே கண்டு வளரும் யாழ்ப்பாணப் பிள்ளைக்கு எது நிஜம், எது மெய்நிகர் என்று பிரிப்பது (என் எண்ணத்தில்) ஐரோப்பியப் பிள்ளைகளைவிடக் கடினம். ஆகவே, அவள் அங்கு செய்த பயிற்சிகளை உங்கள் மகனுக்கு விளக்கட்டும். அவன் அவற்றை ஊர்ச் சனசமூக நிலையத்தில் நண்பர்களோடு செய்து பார்க்கலாம்.